கிடையும் கிடாயும்

மாட்டுக்குச் சரித்திரம் உண்டு. ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றில் பாடிய வீரத்தாயின் கணவன், பெரிய ஆநிரை ஒன்றின் பொருட்டுத்தான் களத்தில் விழுந்தான். மாடு பிடிக்கும் சண்டைக்கு வெட்சி, மீட்கும் சண்டைக்குக் கரந்தை என்று இலக்கணக்காரர்கள் பூச்சூட்டிப் பெயர் வைத்தார்கள். செம்மறி ஆட்டுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஆனால் அந்த அம்மையாரின் ஊராகச் சொல்லப்படும் இதே ஒக்கூர்ப் பக்கத்தில், கண்மாய் வறண்ட வருஷங்களில் ஏழைக்குக் கைகொடுத்த பிராணிகளில் ஆடும் ஒன்று.

இந்த மண்ணின் ஆட்டுக்கு இராமநாதபுரம் வெள்ளை என்று பெயர். சிவகங்கை 1985-ல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆடு மட்டும் பழைய ஜில்லாவின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறது. கிடாய்க்கு முறுக்கிய கொம்பு. பெட்டைக்குக் கொம்பு கிடையாது. வளர்ந்த கிடாய் சுமார் 30 கிலோ இருக்கும். கம்பளிக்கு உதவாது, கறிக்குத்தான்.

கறிக்குத்தான் என்று இன்றைக்குச் சொல்கிறோம். முன்பெல்லாம் ஆட்டுக்காரருக்குப் படியளந்தது எரு. அறுவடை முடிந்ததும் கீதாரி ஒருவரின் தலைமையில் சில குடும்பங்கள் மந்தைகளைச் சேர்த்துக்கொண்டு தஞ்சாவூர்ச் சீமைக்கு நடக்கும். இரவில் வயலில் கிடை போடுவார்கள். நிலக்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். ஆட்டு எரு அந்த வருஷத்துக்கு, மாட்டு எரு மறுவருஷத்துக்கு என்பது உழவர் வாக்கு. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் ஊர் திரும்ப வேண்டும். 1934-ல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அந்தத் தேதியையும் அணைதான் நிர்ணயித்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. எருவுக்குத் தலைதான் கணக்கு. ஆகவே நல்ல கிடாயை அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. அது மந்தையில் நின்றது. அதன் வித்தும் நின்றது.

1906-ல் இராணிப்பேட்டையில் செயற்கை உரம் செய்யத் தொடங்கினார்கள். 1951-ல் சிந்திரியில் சர்க்கார் ஆலை உற்பத்தியை ஆரம்பித்தது. பசுமைப் புரட்சியோடு உரமூட்டை வரப்பு வரைக்கும் வந்துவிட்டது. கிடை அடியோடு அழிந்துவிடவில்லை, இன்றும் போடுகிறார்கள். ஆனால் குடும்பம் நடத்தும் காசு எருவிலிருந்து கறிக்கு மாறிவிட்டது.

நாலைந்து பெட்டை வைத்திருக்கும் சிறு விவசாயியை எண்ணிப் பாருங்கள். ஐந்து மாதச் சினை. பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரே குட்டி. பள்ளிக்கூடச் சம்பளமோ வைத்தியச் செலவோ வந்து நின்றால் எந்தக் குட்டி சந்தைக்குப் போகும்? இந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"தெறிப்பா வளர்ந்த குட்டிக்குத்தானே ஐயா காசு? நோஞ்சானை யார் வாங்குவா?" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். கொழுத்தது கத்திக்குப் போகிறது, விலைபோகாதது பொலிகிடாயாகிறது. தலைமுறைக்குத் தலைமுறை இப்படியே நடந்தால் இனம் என்ன ஆகும்?

மருது சகோதரர்கள் சிவகங்கையை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரில் ராபர்ட் பேக்வெல் என்ற குடியானவர் இருந்தார். 1725-ல் பிறந்து 1795-ல் மறைந்தவர். கறிக்கென்றே ஆட்டினத்தைத் திருத்தியவர். அவர் தம் சிறந்த கிடாய்களை விற்காமல் ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். கூலியும் வந்தது, எந்தக் கிடாயின் குட்டி எப்படி வளர்கிறது என்பதும் தெரிந்தது. கிடாயும் திரும்பி வந்தது.

நம்மிடமும் முயற்சி இல்லாமல் இல்லை. மேச்சேரி ஆட்டுக்காகச் சேலம் பக்கத்துப் பொட்டனேரியில் 1978-ல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஆனால் ஒவ்வொரு பட்டிக்கும் சர்க்கார் வந்து நிற்க முடியுமா? ஐந்தாறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து நல்ல கிடாய் ஒன்றை விற்காமல் வைத்துக்கொள்ளலாம். தன் பெட்டைக் குட்டிகளோடு அதுவே சேராதபடி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து ஊர்க் கிடாயோடு மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு கிடாயின் விலையை அவர்கள் பங்கிட்டுத் தாங்கினால் போதும்.