பெரியார் – மணியம்மை திருமணமும் கொள்கை முரண் விவாதமும்

ஈ. வெ. ராமசாமிப் பெரியாருக்கும் வேலூரைச் சேர்ந்த மணியம்மைக்கும் 1949 ஜூலை 9 அன்று பதிவுத் திருமணம் நடந்தது. திராவிடர் கழகம் பிளவுபட இதுவே உடனடிக் காரணம். ஒரு சிந்தனையாளரின் கொள்கையையும் சொந்த வாழ்வையும் ஒப்பிட்டுத் தமிழகத்தில் நடந்த விவாதங்களில் இது முக்கியமானது.

கொள்கை

பெண்ணுக்குச் சம சொத்துரிமை, விவாகரத்து உரிமை, 16 வயதுக்கு மேல் திருமணம் ஆகியவற்றை 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானங்களாக நிறைவேற்றியது. வயதான ஆண் இளம்பெண்ணை மணக்கும் 'பொருந்தாத் திருமணத்தை' இயக்கம் மேடைதோறும் கண்டித்தது.

எதிர்ப்பும் பிளவும்

திருமணத்தின்போது பெரியாருக்கு 70 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மணியம்மை அவரைவிட ஏறத்தாழ 40 வயது இளையவர். 1940களில் கழகத்தில் சேர்ந்து, பெரியாரின் உடல்நலத்தைக் கவனித்துவந்தவர். 'ஊருக்குச் சொன்னதைத் தலைவரே மீறலாமா?' என்பதே தொண்டர்களின் கேள்வி. அவர்கள் பிறரை அளந்த அளவுகோல் பெரியார் கொடுத்ததுதான். 1949 செப்டம்பர் 17இல், பெரியாரின் பிறந்தநாளன்றே, அண்ணா தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகம் உருவானது. ஆனாலும் அதன் தலைவர் நாற்காலி பெரியாருக்கென்று காலியாக விடப்பட்டது.

பெரியாரின் விளக்கம்

இயக்கத்தையும் அதன் சொத்துகளையும் காக்க நம்பிக்கையான வாரிசு தேவை, திருமணம் அதற்கான சட்ட ஏற்பாடே என்றார் பெரியார். அன்றைய இந்துச் சட்டம் பொதுவாக ஆண் குழந்தையைத் தத்தெடுக்கவே இடமளித்தது. பெண்ணைத் தத்தெடுக்க 1956 சட்டமே வழிசெய்தது. பெண்ணின் வாரிசுரிமைக்குப் போராடியவர், ஒரு பெண்ணை வாரிசாக்க அவரை மனைவியாக்க வேண்டியிருந்தது. அறக்கட்டளை போன்ற அமைப்பே போதுமே என்ற எதிர்வாதமும் உண்டு. 1952இல் பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் பதிவு செய்யப்பட்டது அவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது.

மதிப்பீடு

தத்துவவாதி ரூசோ 1762இல் குழந்தை வளர்ப்பு பற்றி 'எமிலி' நூலை எழுதினார். தம் ஐந்து குழந்தைகளையும் அநாதை இல்லத்தில் விட்டவர் அவர். ரூசோவின் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்பது தெரியவில்லை. மணியம்மையின் பிற்கால வாழ்வு பதிவாகியுள்ளது. 1973இல் பெரியார் மறைந்தபின் 1978இல் தாம் இறக்கும்வரை அவர் கழகத்துக்குத் தலைமை தாங்கினார்.  வாரிசு குறித்த பெரியாரின் கணிப்பு பொய்க்கவில்லை. ஆயினும் வயது வேறுபாடு பற்றிய கேள்விக்கு அது விடையாகாது.

1967இல் முதலமைச்சரான அண்ணா தம் ஆட்சியைப் பெரியாருக்குக் காணிக்கையாக்கினார். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பும் பெற்றுத்தந்தார். பெரியாரின் திருமணத்தை ஏற்காமல் பிரிந்தவரே அவரது திருமணக் கொள்கையைச் சட்டமாக்கினார்.