நறும்பிழியும் கசப்புப் பீரும்: தொண்டைநாட்டிலிருந்து ஒரு சரித்திர ஆராய்ச்சி

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு மேற்கே பள்ளிகொண்டிருக்கும் திருவெஃகாப் பெருமாளை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் பெரும்பாணாற்றுப்படையில் பாம்பணைப் பள்ளியில் அமர்ந்தவனாகப் போற்றியிருப்பதைத் தமிழறிந்தார் யாவரும் அறிவர். ஆயின், தொண்டைமான் இளந்திரையனின் கச்சிக்குச் செல்லும் பாணனுக்கு வழி சொல்லுகின்ற அதே பாட்டில், அரிசியிலிருந்து மது ஆக்கும் முறையொன்று படிப்படியாகக் கூறப்பட்டிருப்பது போதிய அளவு கவனிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவை மிகுதியாகப் பெய்தும், புதிய தானியங்களையும் வாசனைப் பொருள்களையும் சோதித்தும் இன்று உலகெங்கும் சிறு ஆலைகளில் காய்ச்சப்படுகின்ற பீர் வகைகளின் சரித்திரத்தைத் தமிழர் ஆராயப் புகுந்தால், இந்தப் பாட்டிலிருந்து தொடங்குவதே நியாயம் என்பது எமது அபிப்பிராயம்.

அந்த மதுவை ஆக்குவோர் வழியிலுள்ள வலைஞர்கள். குற்றித் தீட்டாத கொழியலரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாய் அகன்ற தட்டுப்பிழாவில் இட்டு ஆற்றி, புற்றின் உள்ளே இருக்கும் புற்றாஞ்சோற்றைப் போன்ற தோற்றமுடைய நல்லடை என்பதை அதனோடு கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியுமாறு வலிய வாயையுடைய சாடியில் வைத்து, பச்சை வாடை நீங்க முற்றியபின் வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்துப் பிழிந்து அரித்தெடுப்பார்கள் என்றும், நறும்பிழி என்னும் அந்த மதுவைச் சுட்ட மீனோடு பாணன் பெறுவான் என்றும் புலவர் கூறுகிறார். பாத்திரம், பக்குவம், காலம் மூன்றையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் பகுதி பண்டை இலக்கியத்தில் அபூர்வம். நல்லடை என்பதற்கு முளைநெல்லை இடித்துச் சேர்ப்பது என்று நச்சினார்க்கினியர் உரை கண்டார். 1889ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவ்வுரையோடு, இப்பாட்டு அடங்கிய பத்துப்பாட்டைப் பதிப்பித்தமையால்தான் இப்பகுதி நமக்கு விளங்கலாயிற்று.

தானியம் முளைக்கும்போது அதனுள் தோன்றும் நொதிகள் மாவைச் சர்க்கரையாக்குகின்றன. அச்சர்க்கரையை ஈஸ்ட் மதுவாக்குகிறது. வாற்கோதுமையை முளைக்கவைத்து மால்ட் ஆக்கி மேனாட்டார் காய்ச்சும் பீருக்கும் ஆதாரம் இதுவே. எனவே உரையாசிரியர் கொண்ட பொருளின்படி நறும்பிழியைப் பீர் இனத்தைச் சேர்ந்தது என்று தயக்கமின்றிச் சொல்லலாம். ஆயினும் புலவர் காட்டிய உவமை வேறொரு திசையையும் சுட்டுகிறது. புற்றாஞ்சோறு என்பது கறையான்கள் பூசணம் வளர்க்கும் கூடு. அதன்மேல் சிறு வெண்மணிகள் போலப் பூசணம் படிந்திருக்கும். ஜார்க்கண்ட் பகுதியில் ஹண்டியா என்னும் அரிசி மது ஆக்குவோர் இன்றும் ரானு என்ற மாவு வில்லையைக் கலக்கிறார்கள். மாவைச் சர்க்கரையாக்கும் வேலையை அதிலுள்ள பூசணமே செய்கிறது. நல்லடையும் அத்தகைய பூசணம் பூத்த அடையாக இருந்திருக்கக்கூடும் என்று எமக்குத் தோன்றுகிறது. இரண்டில் எது சரியாயினும், தானியத்தை மதுவாக்கும் நுட்பத்தைத் தொண்டைநாட்டார் தெளிவாக அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

அதே பாட்டில் நீர்ப்பெயற்று என்னும் பட்டினம் வருகிறது. அங்கே கள் அடும் மகளிர் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாகிக் கிடக்க, அந்தச் சேற்றில் பன்றிகள் குட்டிகளோடு புரளுகின்றன. பெண் பன்றிகளோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி நெல்மா ஊட்டிக் கொழுக்கவைத்த ஆண் பன்றியின் இறைச்சியோடு நறவு கிடைக்கும் என்கிறார் புலவர். மது ஆக்கும் தொழில் அப்பட்டினத்தில் பெண்கள் கையில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. ஏழாம் நூற்றாண்டுக்கு வந்தால், மகேந்திரவர்ம பல்லவன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனத்தில் காஞ்சியின் மதுக்கடையையே காண்கிறோம். அதை யாகசாலைக்கு ஒப்பிட்டுக் காபாலிகன் ஒருவன் புகழ்கிறான்.

நறும்பிழி போன்ற மதுவுக்கு ஒரு குறை இருந்தது. அது நீடித்து நில்லாது. தொண்டைநாட்டு வெப்பத்தில் புளிப்புக் கிருமிகள் விரைவில் அதைக் காடியாக்கிவிடும். ஆகவே ஆக்கிய இடத்திலேயே, முற்றிய பருவத்திலேயே அருந்தவேண்டியதாயிற்று. மதுவில் வாசனைப் பொருள் சேர்க்கும் வழக்கம் பாரதநாட்டுக்குப் புதிதன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சுராத்யக்ஷன் என்னும் மது அதிகாரியைப் பற்றிய பகுதியில் அரிசி மதுவுக்கு அளவு கூறுவதோடு, மிளகும் திப்பிலியும் உள்ளிட்ட சம்பாரங்களையும் விதிக்கிறது. ஆனால் மதுவைக் கெடாமல் காக்கும் ஆற்றலில் ஹாப்ஸுக்கு நிகரானது கிடைக்கவில்லை. ஹாப்ஸைக் கொதிக்கவைக்கும்போது அதிலுள்ள அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தருகின்றன. புளிப்புக் கிருமிகளுள் பெரும்பாலானவற்றை அந்தக் கசப்பு வளரவிடுவதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் தலைவர்கள் லண்டனுக்குக் கிழக்கே போ என்னுமிடத்தில் இருந்த ஹாட்ஜ்ஸன் ஆலையிலிருந்து பீர் வாங்கித் தம் சொந்த வியாபாரமாகச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கொண்டுவந்தனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நாலைந்து மாதம் பிரயாணம் செய்து பூமத்திய ரேகையை இருமுறை கடக்கவேண்டியிருந்தமையால், ஹாப்ஸ் மிகுதியாகப் பெய்த, ஏல் என்னும் வெளிர்நிறப் பீர் இந்த வியாபாரத்துக்கு ஏற்றதாயிற்று. ஹாட்ஜ்ஸன் இதை இந்தியாவுக்கென்றே புதிதாகக் கண்டுபிடித்தார் என்னும் கதை பிரசித்தமானது; மார்ட்டின் கார்னெல் போன்ற ஆராய்ச்சியாளர்கள் அதை மறுத்து, அத்தகைய ஏல் இங்கிலாந்தில் முன்பே இருந்தது என்றும், போர்ட்டர் என்னும் கறுப்பு நிறப் பீரும் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது என்றும் காட்டியிருக்கிறார்கள். 1822இல் பர்ட்டன் நகரத்து ஆல்ஸப் என்பவர் இந்த வியாபாரப் போட்டியில் இறங்கினார். அவ்வூர் நீரிலுள்ள ஜிப்ஸம் கசப்பைத் துலக்கிக் காட்டியமையால் பர்ட்டன் ஏல் வென்றது. பின்னர் நீலகிரியிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் மலைக்குளிரை நம்பி ஆலைகள் எழுந்தன. 1915இல் தென்னிந்திய ஆலைகள் சிலவற்றை இணைத்து யுனைட்டெட் ப்ரூவரீஸ் தோன்றியது.

காப்புக்காகச் சேர்த்த கசப்பு சுவைக்காகவே விரும்பப்படும் பொருளானது அமெரிக்காவில். 1975இல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவின் ஆங்கர் ஆலை காஸ்கேட் என்னும் ஹாப்ஸைக் கொண்டு லிபர்ட்டி ஏல் காய்ச்சியது. 1980இல் ஸியரா நெவாடா ஆலை தன் பேல் ஏலைத் தொடங்கியது. 1994இல் வின்னி ஸிலூர்ஸோ என்பவர் ஹாப்ஸை இரட்டிப்பாகப் பெய்த வகையைக் கொணர்ந்தார். இங்கே ஒரு விசேஷத்தைக் கவனிக்கவேண்டும். ஹாப்ஸின் வாசனை எண்ணெய்கள் கொதிப்பில் ஆவியாகிவிடுவதால், இக்காலத்தார் பீர் ஆறியபின்பே பெரும்பகுதி ஹாப்ஸை ஊறவிடுகிறார்கள். அந்த வாசனையோ சில வாரங்களில் மங்கிவிடுகிறது. நெடுங்காலம் நிலைப்பதற்காகப் பெய்த பொருளே இன்று பீரைப் புதிதாக அருந்தும்படி வற்புறுத்துகிறது. வலைஞர் குடிலின் நியதியும் அதுவே.

இந்தியாவில் 2009இல் புனேயில் டூலாலி என்னும் சிற்றாலையும், 2010இல் பெங்களூரில் டாயிட்டும் தொடங்கின. டாயிட் பாஸ்மதி அரிசியைச் சேர்க்கிறது, பெங்களூரின் சிற்றாலைகள் கேழ்வரகிலும் காய்ச்சிப் பார்த்திருக்கின்றன. தமிழ்நாட்டின் பாதை வேறு. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் பரவியது. காஞ்சியில் பிறந்த அண்ணா முதலமைச்சராக இருந்தபோதும் அதைத் தளர்த்தவில்லை. 1971இல் அது தளர்ந்து, மீண்டும் வந்து, பின்னர் 1983இல் மொத்த விற்பனைக்கென டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனம் நிறுவப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதனிடமே உள்ளது. குடியால் அழிந்த குடும்பங்களைக் கண்ட நாடு எச்சரிக்கையாக இருப்பதை யாரும் குறை கூறலாகாது. ஆயினும் ஒரு நுட்பத்தை ஆராய்வதும் கடை திறப்பதும் வெவ்வேறு காரியங்கள்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் அறிஞர்களும் தமிழறிஞர்களும் ஒன்றுகூடி, அரசின் அனுமதியோடு, கொழியலரிசிக் களியை இரண்டு சாடிகளில் இட்டு, ஒன்றில் முளைநெல்லையும் மற்றொன்றில் பூசண அடையையும் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின் எது புலவர் சொன்ன பக்குவத்துக்கு வருகிறது என்று சோதித்து எழுதவேண்டும் என வேண்டிக்கொள்கிறோம்.