உருவப்படமும் ஆட்டமும்: நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரின் வரலாற்றுப் பதிவுகள்

முன்னுரை

நெகிரி செம்பிலான் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பாட்டாளிகளின் வரலாற்றை எழுதுவோர் குடியேற்ற ஆட்சிக்கால நிழற்படங்களைச் சான்றாகக் கொள்வது வழக்கம். அப்படங்கள் எவற்றைக் காட்டின, எவற்றை விடுத்தன என்பதையும், விடுபட்டவற்றை அம்மக்களின் திருவிழா ஆட்டங்கள் எங்ஙனம் பேணின என்பதையும் இக்கட்டுரை சுருங்க ஆராய்கிறது.

படங்கள் காட்டிய முகம்

சிங்கப்பூரில் 1867இல் தோன்றிய ஜி. ஆர். லம்பர்ட் நிழற்படக்கூடம் இவ்வட்டார இனத்தாரின் உருவப்படங்களை விற்பனை செய்தது. அவற்றுள் தமிழரும் இடம்பெற்றனர். எனினும், படத்திலிருப்பவரின் பெயருக்கு மாறாக அவர்தம் இனப்பெயரே தலைப்பாயிற்று. ஆர்னால்டு ரைட், கார்ட்ரைட் ஆகியோர் தொகுத்து 1908இல் இலண்டனில் வெளிவந்த பிரித்தானிய மலாயா பற்றிய பெருநூலில் தோட்டத் துரைமார்க்குப் பெயரும் வாழ்க்கைக் குறிப்பும் உண்டு; பாட்டாளிகளோ பெயரற்ற கூட்டமாகவே நிற்கின்றனர்.

1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பெற்றது. அதன்பின் 12 வயதும் அதற்கு மேலும் ஆனோர் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை பெற வேண்டியவராயினர். இங்குப் பாட்டாளியின் முகத்தோடு பெயரும் சேர்ந்தது. ஆயினும் அது கண்காணிப்பின் பொருட்டு எழுதப்பெற்ற பெயராகும்.

ஆட்டம் பேணிய ஆள்

இதே மக்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் வேறு நிலையில் காணப்பட்டனர். உபயம் ஏற்றவரின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சனை செய்யப்பெற்றது. கரகம் எடுப்பவர் யார், காவடி ஆடுபவர் எவ்வேண்டுதலுக்காக ஆடுகிறார், உறுமி அடிப்பவர் யார் மகன் என்பதையெல்லாம் லயத்திலிருந்தோர் அறிந்திருந்தனர். பெரட்டுக்களத்தில் ஆள்கணக்காக நின்ற உடல், கோயில் வாசலில் தனக்குரிய பெயரோடும் உறவோடும் ஆடியது. ஆகவே, இவ்வாட்டங்களை வழிபாடாக மட்டுமன்றி, நிழற்படம் விடுத்ததைப் பேணிய வரலாற்றுப் பதிவாகவும் கொள்ளலாம்.

ஓர் ஒப்புநோக்கு

உருவப்படத்திற்கு ஆட்டத்தால் மறுமொழி கூறும் முயற்சி பிறநாடுகளிலும் உண்டு. ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரின் பாங்காரா நடனக்குழு 2008இல் ‘மத்தின்னா’ என்னும் படைப்பை அரங்கேற்றியது. தாஸ்மேனியப் பூர்வகுடிச் சிறுமி மத்தின்னாவை ஆளுநர் பிராங்கிளின் இல்லத்தார் வளர்த்தனர். 1843இல் நாடு திரும்பியபோது அவளை அங்கேயே விட்டுச் சென்றனர். தாமஸ் பொக் 1842இல் தீட்டிய ஓவியம் செந்நிற ஆடையணிந்த சிறுமியைக் காட்டுகிறது. அவள் கைவிடப்பட்ட கதையைக் காட்டவில்லை. அக்கதையைப் பூர்வகுடிக் கலைஞர்கள் தம் உடலசைவால் உரைத்தனர்.

தமிழர் இந்நாட்டின் பூர்வகுடியினர் அல்லர். தெமுவான் மக்கள் வாழ்ந்த நிலப்பரப்பில் எழுந்த தோட்டங்களுக்கு உழைக்க வந்தவர்கள். ஆதலின் இருசாரார் நிலையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. பிறர் எடுத்த படத்தில் ஆளாக அன்றி வகையாகப் பதிவானமையே இங்கு ஒப்புமையாகும்.

முடிவுரை

1990களுக்குப் பின்னர் சிரம்பான், நீலாய் வட்டாரத் தோட்ட நிலங்கள் பல நகரியங்களாயின. லயங்களோடு திருவிழாக் களங்களும் மறைந்தன. அவற்றில் ஆடியோர் பல ஊர்களுக்குச் சிதறினர். பழம்படங்கள் காட்சிக்கூடங்களில் எஞ்சும். படத்திலிருப்போரை இன்னாரென இனங்காட்டவல்ல முதியோர் நெடுங்காலம் இரார். எனவே, தோட்டப் படங்களைக் காட்சிக்கு வைப்போர் அவற்றோடு அத்தோட்டத்து ஆட்டங்களையும் நிகழ்த்தச் செய்தல் வேண்டும். தமிழாசிரியர்கள் தம் மாணவரின் பாட்டன் பாட்டியரிடம் குடும்பப் படங்களைக் காட்டி, அவற்றிலிருப்போரின் பெயரையும், அவர்கள் எடுத்த கரகத்தையும் காவடியையும் கேட்டு எழுதச் செய்யலாம். பெயரற்ற கூட்டமாகப் பதிவான மக்களை ஆட்களாக மீட்டெடுக்க இப்பணி துணைபுரியும்.