ஏடும் நாவும்: திருச்சி வட்டார நடிப்பில் எழுத்துப் பிரதியின் கதை

காட்டூரிலிருந்து தஞ்சாவூர் சாலையில் மேற்கே வந்தால் பால்பண்ணை. அதை ஒட்டியது சங்கிலியாண்டபுரம். சிவாஜி கணேசன் சிறுவனாகத் திரிந்த தெருக்கள் அங்கேதான் இருக்கின்றன. எம்.ஆர்.ராதா 1979-இல் கண்மூடியதும் இதே திருச்சியில்தான். காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம், அங்கே தலைமுறை தலைமுறையாக ஆழ்வார் பாசுரங்களைப் பாடி நடிக்கும் அரையர்கள். நடிகனும் எழுத்தும் ஒன்றோடொன்று எப்படிப் பழகி வந்தன என்பதை இந்தச் சிறு வட்டாரத்துக்குள்ளேயே தொடர்ந்து பார்த்துவிடலாம். எழுதியதுதான் மூலம், நடிப்பது அதன் நகல் என்ற எண்ணம் இந்த மண்ணில் மிகவும் பிந்தி வந்தது. அது வேரூன்றியதில் நாடக ஆசிரியர்களைவிடக் காவல்துறைக்குப் பங்கு அதிகம்.

முதலில் அரையர் சேவை. மார்கழி அத்யயன உற்சவத்தில், பகல்பத்து நாட்களில் அர்ச்சுன மண்டபத்தில், கூம்புக் குல்லாய் அணிந்து கையில் தாளத்தோடு நிற்கிறார் அரையர். பாசுரத்தைப் பாடுகிறார், அபிநயம் பிடிக்கிறார், பிறகு அதற்கு உரை சொல்கிறார். 'தம்பிரான்படி' எனப்படும் அந்த உரை அரையர் குடும்பங்களில் ஓலைச்சுவடியாகவே கைமாறி வந்தது. பாசுரத்தில் ஓரெழுத்து மாறக்கூடாது. ஆனால் கை என்ன காட்ட வேண்டும் என்று பாசுரம் சொல்வதில்லை. நடிப்பின் இடம் அங்கேதான் திறக்கிறது.

இதை நன்றாக விளக்கும் நிகழ்ச்சி ஒன்று வைணவ உரை மரபில் பேசப்படுகிறது. கண்ணன் மற்றப் பிள்ளைகளுக்குப் பூச்சி காட்டிப் பயமுறுத்தும் பெரியாழ்வார் பாசுரத்துக்கு, அரையர் கண் இமையை மடித்துக் காட்டினார். குழந்தைகள் வழக்கமாகச் செய்வது அதுதான். கூட்டத்தில் இருந்த இராமானுசரின் சீடர் எம்பார், சங்கு சக்கரங்களைத் தோளில் காட்டுவதுபோலச் சைகை செய்தார். கண்ணன் பயமுறுத்துவதென்றால் அவன் காட்டக்கூடியது அதைத்தானே! அரையர் உடனே அபிநயத்தை மாற்றினார். கவனித்த இராமானுசர், எம்பார் அங்கே இருந்தாரா என்று கேட்டாராம். மூலத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. கையசைவு மாறியதும் பொருள் மாறிவிட்டது. நடிப்பே உரையாக நின்ற இடம் இது.

கம்பெனி நாடகங்களில் நிலைமை வேறு. பாட்டு ஓரளவு நிலையாக இருந்தது. வசனம் நடிகரின் நாவில் இருந்தது. மேடையில் ஒருவரை ஒருவர் மடக்குவதே சிலருக்கு வித்தையாக இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இதை ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றார். பெரிய நடிகர்கள் கட்டுப்பட மாட்டார்கள் என்பதால் சிறுவர்களைச் சேர்த்தார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபை, 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபை. இரண்டாவதில் சேர்ந்த சிறுவர்கள்தான் பிற்காலத்து டி.கே.எஸ். சகோதரர்கள். 'அபிமன்யு சுந்தரி'யைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை அவர்களுள் ஒருவரான டி.கே.சண்முகம் தம் நினைவுகளில் வியந்து பதிவு செய்கிறார்.

நடிகரைக் கட்டுப்படுத்த எழுதிய அந்தப் பிரதிகள் பின்னாளில் நடிகருக்கு விடுதலையும் தந்தன என்பதுதான் இந்த வரலாற்றின் அழகான பகுதி. புதுக்கோட்டையிலும் மதுரையிலும் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. அன்று இரவு மேடையில்தான் இருவரும் சந்திக்கிறார்கள். 'வள்ளி திருமண'த்தில் வேலனும் வள்ளியும் நெடுநேரம் தர்க்கம் செய்கிறார்கள். சுவாமிகளின் பாட்டு இருவருக்கும் மனப்பாடம் என்பதால்தான் இடையிடையே அவ்வளவு துணிந்து சொந்தமாகப் பேச முடிகிறது.

திருச்சியில் எஃப்.ஜி.நடேச ஐயர் தொடங்கிய ரசிக ரஞ்சனி சபா படித்த அமெச்சூர்களின் மேடை. சிறுவன் தியாகராஜ பாகவதர் 'அரிச்சந்திரா'வில் லோகிதாசனாக நடித்தது அங்கேதான். சிவாஜி கணேசனோ பாய்ஸ் கம்பெனிப் பிள்ளை. யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் கம்பெனியில் வாத்தியார் சொல்லக் கேட்டு, காதாலேயே பாடம் ஏற்றியவர். 1952-இல் 'பராசக்தி'யில் மு.கருணாநிதியின் அடுக்கு வசனத்தை மூச்சு சிதறாமல் அவரால் சொல்ல முடிந்ததற்கு இந்தப் பயிற்சியே அடித்தளம். அந்த வசனம் தனிப் புத்தகமாக விற்றது. படம் பார்த்த இளைஞர்கள் அதை உருப்போட்டார்கள். எழுத்து நடிகரின் குரலோடு சேர்ந்தே வீடுகளுக்குள் போயிற்று.

பொன்னுசாமி பிள்ளையின் அதே கம்பெனியில் இருந்த எம்.ஆர்.ராதா நேர்மாறானவர். 'ரத்தக்கண்ணீர்' திருவாரூர் தங்கராசு எழுதியது. ஆனால் மேடையில் ராதா அன்றைய செய்தித்தாளையும் எதிரே உட்கார்ந்திருப்பவரையும் வசனத்துக்குள் இழுத்துக்கொள்வார். நேற்றுப் பார்த்தவர் இன்றும் டிக்கெட் வாங்கியது அதற்காகத்தான்.

அரசுக்கு இது ஆகவில்லை. வங்காளத்தில் எழுந்த எதிர்ப்பு நாடகங்களை அடக்க ஆங்கிலேயர் 1876-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்திருந்தனர். சுதந்திரத்துக்குப் பிறகு, ராதாவின் 'இராமாயணம்' நாடகம் கொந்தளிப்பைக் கிளப்பிய 1954-இல், சென்னை மாநிலம் தனிச் சட்டமே இயற்றியது. இனி பிரதி முதலில் அதிகாரியின் மேசைக்குப் போக வேண்டும். ஒரு நாடகம் என்பது அதன் தாள்கள்தான் என்று அரசு முடிவு கட்டிய தருணம் இது. இமையை மடிப்பதா, தோளில் சங்கு சக்கரம் காட்டுவதா என்பது எந்தத் தாளிலும் இருக்காது. ராதா அன்றிரவு என்ன சொல்லப்போகிறார் என்பதும் இருக்காது. நடிப்பின் உயிரான பகுதி எதுவோ, அதைப் படித்துப் பார்க்க வழியில்லாத ஒரு தணிக்கை அது.

ஆனாலும் அந்தச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. நவீன நாடகக் குழுக்கள் சிறு அரங்குக்கும் பிரதியைக் கொடுத்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருந்தன. பரீக்‌ஷா குழுவின் ஞாநி வழக்குத் தொடுத்தார். 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை எனத் தள்ளியது. ராதா மறைந்து அப்போது 33 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.