கொட்டாங்கச்சியில் ஓடிய குதிரை



வானொலி நாடகத்தில் குதிரை ஓடி வருகிறது. ஒலிபரப்பு நிலையத்துக்குள் குதிரை ஏது? இரண்டு கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்துப் பிடித்து, மணல் பரப்பிய தட்டின்மேல் ஒருவர் மாற்றி மாற்றித் தட்டுகிறார். நம் காதுக்கு அது குதிரையாகிவிடுகிறது. மெல்லிய கண்ணாடித் தாளைக் கசக்கினால் தீ பற்றி எரிகிறது. சோளமாவைத் தோல் பையில் கட்டி அழுத்தினால், பனிமேல் நடக்கும் காலடி கேட்கிறது. எல்லாமே சமையலறையிலும் கடைத்தெருவிலும் கிடைக்கும் பொருள்கள். இப்படிச் சிறிய செலவில் பெரிய ஓசைகளைச் செய்து கொடுத்த சிலரைப் பற்றி இன்று பேசுவோம்.

இந்தக் கலை வானொலியைவிட மூத்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் 1766-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நாடக அரங்கு ஒன்று உண்டு. அதன் கூரைக்கு அடியில் மரத்தாலான நீண்ட வாய்க்கால் அமைந்திருக்கிறது. அதில் கனமான குண்டுகளை உருட்டிவிடுவார்கள். உருளும் ஓசை கீழே அமர்ந்திருப்போர் தலைக்கு மேலே இடியாக முழங்கும்.

அதற்கும் முன்பு, 1709-ஆம் ஆண்டில், ஜான் டென்னிஸ் என்ற நாடக ஆசிரியர் தம் நாடகத்துக்காக இடி ஓசை எழுப்பும் புதிய முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நடந்த அவருடைய நாடகம் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டது. பிறகு ஒரு நாள் அதே அரங்கில் வேறு நாடகம் பார்க்கப் போனார். அங்கே அவருடைய இடி முழங்கியது! என் நாடகத்தை ஓடவிடாதவர்கள் என் இடியை மட்டும் திருடிக்கொண்டார்களே என்று அவர் குமுறினார். ஒருவர் உழைப்பின் பெயரை இன்னொருவர் தட்டிக்கொண்டு போவதை, ஆங்கிலேயர் இன்றும் ‘இடியைத் திருடுதல்’ என்றே சொல்கிறார்கள்.

இனி வானொலிக்கு வருவோம். 1924-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், லண்டன் பிபிசி நிலையம் ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய நாடகம் ஒன்றை ஒலிபரப்பியது. வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களுள் அது ஒன்று. கதை நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நடக்கிறது. சுரங்கத்தைப் பார்க்க வந்த மூவர் உள்ளே இருக்கும்போது விளக்குகள் அணைந்துவிடுகின்றன. வெடிச் சத்தம் கேட்கிறது, வெள்ளம் ஏறுகிறது. இருட்டில் நடக்கும் கதையாதலால், கேட்பவருக்குக் காது ஒன்றே போதும்.

ஆனால், நிலையத்தின் அறையில் சுரங்கத்தின் எதிரொலி எப்படி வரும்? நடிகர்கள் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினார்கள் என்று சொல்லப்படுகிறது. தொலைவில் தொழிலாளர்கள் பாடும் ஓசையும் தேவைப்பட்டது. அந்நாளில் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் பலர் வேலையிழந்து, லண்டன் தெருக்களில் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலரையே அழைத்து வந்து, அறைக்கு வெளியே நடைபாதையில் நிறுத்திப் பாட வைத்தார்கள். கதவைத் திறந்தால் பாட்டு நெருங்கி வரும். மூடினால் விலகிப் போகும். பெரிய இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை ஒரு கதவு செய்து முடித்தது.

நேயர்களே, அந்தப் பாட்டு உண்மையாக ஒலித்ததில் வியப்பில்லை. சுரங்கத்தின் இருட்டை அறிந்தவர்களின் குரல் அது. நாடகம் எழுதியவர் பெயர் நிலைத்தது. பாடியவர்களின் பெயர்களை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

திரைப்படத்திலும் இதே கதைதான். படங்கள் பேசத் தொடங்கியபோது, 1929-இல், அமெரிக்காவின் யுனிவர்சல் நிறுவனம் ஊமைப்படமாக எடுத்து வைத்திருந்த ஒரு படத்துக்கு ஓசை சேர்க்க முனைந்தது. அந்த வேலையில் ஈடுபட்டவர்களில் ஜேக் ஃபோலி ஒருவர். திரையில் படம் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே அந்தந்த நொடியில் நடை, கைத்தட்டல், துணி உரசல் யாவற்றையும் அவர் செய்து காட்டுவார். நடிகரின் குணத்துக்கு ஏற்றபடி நடையையும் மாற்றுவார். 1960-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தில் ரோமானியப் படை நடந்துவரும் காட்சிக்கு, ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கியே கவச ஓசையை உண்டாக்கினார் என்று திரைத்துறையில் சொல்வார்கள். 1967-இல் அவர் காலமானார். இன்று உலகமெங்கும் இந்தத் தொழிலுக்கே ‘ஃபோலி’ என்று பெயர். ஆயினும், அவர் உழைத்த காலத்தில் படங்களின் பெயர்ப் பட்டியலில் இத்தொழில் செய்வோர்க்கு இடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது.

நாடகத்தையும் படத்தையும் அடுத்து வந்தது மின்னணு விளையாட்டு. 1972-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அட்டாரி என்ற சிறு நிறுவனம் தொடங்கப்பட்டது. மேசைப்பந்து போன்ற ‘பாங்’ என்னும் விளையாட்டைச் செய்யும் பொறுப்பு ஆலன் அல்கோர்ன் என்ற இளைஞரிடம் வந்தது. நிறுவனர்களில் ஒருவர், வெற்றி பெறும்போது கூட்டத்தின் ஆரவாரம் கேட்க வேண்டும் என்றார். மற்றவர், தோற்றால் கேலிக்குரல் எழ வேண்டும் என்றார். அல்கோர்னுக்கு அதைச் செய்யும் வழி தெரியவில்லை. மேலும் பாகங்கள் சேர்த்தால் செலவும் கூடும். ஆகவே, படம் காட்டுவதற்காக ஏற்கெனவே அமைத்திருந்த மின்சுற்றுக்குள்ளேயே தேடினார். அங்கே ஓடிக்கொண்டிருந்த துடிப்புகளில் சிலவற்றை ஒலிபெருக்கிக்குத் திருப்பினார். பந்து மட்டையில் பட ஓர் ஓசை, சுவரில் பட ஓர் ஓசை, புள்ளி கிடைக்க ஓர் ஓசை, மூன்றே மூன்று. விளையாட்டு ஓசை என்றதும் உலகம் நினைவுகூர்வது அந்த எளிய ஓசைகளைத்தான்.

கொட்டாங்கச்சி எப்படிக் குதிரையாகிறது? குதிரையின் குளம்பு எந்தத் தாளத்தில் விழுகிறதோ, அதே தாளத்தில் கொட்டாங்கச்சியும் விழுகிறது. தாளமும் நேரமும் பொருந்திவிட்டால், மீதியை நம் மனமே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆகவே இந்தக் கலையில் முதலீடு என்பது கூர்ந்து கேட்கும் பழக்கமே.

அந்த முதலீடு நம் வீடுகளில் குறைவா? வெயில் ஏறியதும் ரப்பர் காய் ‘பட்’டென்று வெடிப்பதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த பிள்ளை அறியும். காய்ந்த இலைமேல் காலடி, விடியற்காலையில் பால்வாளி இடிபடும் ஓசை, லயத்தின் தகரக் கூரையில் மழை, எல்லாம் அது கேட்டு வளர்ந்தவை. இன்று கைத்தொலைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்யலாம். கணினியில் விளையாட்டு உருவாக்கும் பிள்ளைகளும் பெருகிவிட்டார்கள். அவர்களுக்குச் சில யோசனைகள்: காற்றாடியை நிறுத்திவிடுங்கள். சுற்றிலும் போர்வையைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். ஓசை எழும் இடத்துக்கு அருகில் தொலைபேசியை வையுங்கள். பதிவு செய்ததை, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி வேறொருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் அதை மழை என்று சொன்னால், அது மழைதான்.

கடைசியாக ஒன்று. விளையாட்டு முடிந்து பெயர்ப் பட்டியல் போடும்போது, கூரை மழையைப் பிடித்துக் கொடுத்த தங்கையின் பெயரையும், வாளியைத் தட்டிக் கொடுத்த பாட்டியின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். லண்டன் நடைபாதையில் நின்று பாடியவர்களுக்குக் கிடைக்காத மரியாதை, நம் வீட்டுக் கைகளுக்காவது கிடைக்கட்டும்.