புனித ஃபிளானல்

கனடாவின் மாண்ட்ரியல் நகரத்துப் பிரெஞ்சு மொழியினர், தங்கள் ஐஸ் ஹாக்கி அணியாகிய கனேடியன்ஸுக்கு வழங்கிவரும் செல்லப் பெயர்களுள் 'லா சேந்த் ஃப்ளானெல்', அதாவது 'புனித ஃபிளானல்', என்பதும் ஒன்று. ஆட்டக்காரரையும் சொல்லாமல், ஊரையும் சொல்லாமல், மேலே மாட்டிக்கொள்ளும் கம்பளித் துணியையே திருநாமமாக்கி அதற்கு ஒரு புனிதப் பட்டமும் கட்டிவிட்ட அந்த அபிமானத்தைக் கண்டு நான் முதலில் நகைத்ததுண்டு. அவ்வுடுப்பின் பூர்வோத்தரங்களைச் சற்றே ஊன்றிப் பார்த்ததும் அந்நகைப்பு வேறு வகையாயிற்று. ஏனெனில், இன்று நூலிழை பிசகினாலும் சண்டைக்கு வரும் அந்த ஜனங்களின் புனித வஸ்திரம், பிறந்த புதிதில் ஆண்டுக்கு ஒரு வேஷம் போட்டுத் திரிந்தது.

ஆன்டாரியோ மாகாணத்து ரென்ஃப்ரூ ஊர்ச் செல்வக் குடும்பத்தவரான ஆம்ப்ரோஸ் ஓபிரையன், தம் ஊர் அணியைச் சேர்த்துக்கொள்ள அக்காலத்துப் பெரிய சங்கங்கள் மறுத்துவிடவே, தாமே சிலரோடு கூடிப் புதிய சங்கம் ஒன்றைத் தோற்றுவித்து, அதில் பிரெஞ்சுக்காரருக்கென்றே ஓர் அணி இருப்பது வசூலுக்கும் நல்லது என்ற உத்தேசத்தோடு, 1909 டிசம்பர் 4-ஆம் தேதி கனேடியன்ஸை ஸ்தாபித்தார். 1910 ஜனவரி 5-ஆம் தேதி முதல் ஆட்டத்தில் இறங்கிய அவ்வணி பூண்டிருந்தது நீல ஸ்வெட்டர். மார்பில் வெள்ளையாக ஒரு 'சி' என்ற எழுத்து. அடுத்த பருவத்தில் நீலம் போய்ச் சிவப்பு வந்தது. அதன்மேல் பச்சை மேப்பிள் இலை. அதற்கடுத்த பருவத்தில் சிவப்பும் போய் வெள்ளை வந்தது. இதற்கிடையே அணி, மல்யுத்தப் பந்தயங்கள் நடத்திப் பேர் பெற்ற ஜார்ஜ் கென்னடியின் கைக்கு மாறிவிட்டிருந்தது. அவருடைய சங்கத்தின் பெயர் 'கனேடியன் தேகப்பயிற்சிக் கழகம்' என்று பொருள்படுவதாகையால், அதன் முதலெழுத்துகளும் உடுப்பில் வந்து குந்திக்கொண்டன.

1912-13 பருவத்தில் வந்ததுதான் விசேஷம். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று குறுக்குப் பட்டைகள் உடம்பு முழுவதும் சுற்றியோடிய அந்த ஸ்வெட்டரை, மேல்நாட்டுச் சவரக் கடைகளின் வாசலில் நிற்கும் வரிக் கம்பத்தோடு ஒப்பிட்டுப் பேசுவது பின்னாளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் ஓட்டவா அணியினரும் சிவப்பு, வெள்ளை, கறுப்புப் பட்டைகளையே பூண்டிருந்தமையால், இரண்டு அணியும் ஒரே பனித்தளத்தில் சறுக்கி மோதும்போது, தன்னவன் யார் அயலான் யார் என்று கண்டுகொள்வதே ஆட்டக்காரருக்குப் பிரயாசையாயிற்று. ஆகவே, ஓட்டவாவுடன் ஆடும் நாள்களுக்கென்றே மாற்று உடுப்பு ஒன்றைத் தைத்தார்கள்: முழுச் சிவப்பு, நடு மார்பில் அகலமான நீலப் பட்டை, அதன் நடுவே எழுத்துகள். அடுத்த பருவத்தில் பட்டை ஸ்வெட்டர் பெட்டிக்குள் போய்விட, இந்த மாற்று உடுப்பே நிரந்தரமாகிவிட்டது. இன்று கோடானுகோடி கண்கள் போற்றும் அந்த மூலவர், ஆதியில் உற்சவ மூர்த்திகூட அல்லர். அவசரத்துக்கு எடுத்துவைத்த பதிலாள்.

1917-இல் பழைய சங்கம் கலைந்து தேசிய ஹாக்கி லீக் பிறந்தபோது, தேகப்பயிற்சியைக் குறித்து 'சி'க்குள் இருந்த 'ஏ' என்ற எழுத்துக்குப் பதிலாக 'எச்' வந்து அமர்ந்தது. அது 'ஹாபிதான்' என்ற சொல்லைக் குறிப்பது என்று நம்புவோர் இன்றும் அநேகர். ஹாபிதான் என்பது கியூபெக் நாட்டுப்புறத்துப் பழைய பிரெஞ்சுக் குடியானவனின் பெயர். உண்மையில் அது ஹாக்கியின் முதலெழுத்தேயன்றி வேறில்லை. ஆயினும் ஹாபிதான் சுருங்கிப் பிறந்த 'ஹாப்ஸ்' என்ற செல்லப் பெயரை இனி யார் பிடுங்க முடியும்?

பின்னும் ஒருமுறை சபலம் தட்டியது. 1924-இல் ஸ்டான்லி கோப்பையை வென்ற களிப்பில், உலக சாம்பியன் நாமே என்று பறைசாற்றும் வண்ணம், அடுத்த பருவத்து உடுப்பின் மார்பில் எழுத்துகளை நீக்கி ஒரு பூகோள உருண்டையைத் தைத்துக்கொண்டார்கள். பூகோளத்தைச் சுமந்துகொண்டு போன அணி, 1925-இல் மேற்குக் கரையைச் சேர்ந்த விக்டோரியா கூகர்ஸிடம் கோப்பையை இழந்து திரும்பியது.

அதன் பின்னர் நேர்ந்த மாறுதல்கள் பெரும்பாலும் லீக்கின் கட்டளைகள். அவற்றை விரிக்க வேண்டுவதில்லை. சொந்த ஊரில் வெள்ளை உடுப்பு என்று 1970-இல் ஒரு நியதி, இல்லை, நிற உடுப்பே என்று 2003-இல் மற்றொன்று, 1977 முதல் முதுகில் ஆட்டக்காரர் பெயர். அவ்வளவே.

ஆனால் அந்தச் சிவப்பு ஒரு குழந்தையின் நெஞ்சில் என்ன ஆகிவிட்டிருந்தது என்பதை அறிய, ரோக் காரியே 1979-இல் எழுதிய சிறுகதை ஒன்றுண்டு. 1946-ஆம் ஆண்டு, சேந்த்-ஜுஸ்தீன் கிராமம். சிறுவர் அத்தனை பேரும் அவ்வணியின் ஆட்டக்காரர் மோரிஸ் ரிஷாரின் ஒன்பதாம் எண் பொறித்த கனேடியன்ஸ் ஸ்வெட்டரையே மாட்டிக்கொண்டு, அவரைப்போலவே தலைவாரி, அவரைப்போலவே காலணிக்குக் கயிறு கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். கதைசொல்லியின் ஸ்வெட்டர் சிறுத்துக் கிழிந்துவிட, ஈட்டன் கடையின் ஆங்கில விண்ணப்பத் தாளை நிரப்ப இயலாத தாய், தன் கைப்படக் கடிதம் எழுதிப் பணம் அனுப்புகிறாள். வந்து சேர்வதோ, பரம வைரியான டொராண்டோவின் நீல ஸ்வெட்டர். திருப்பியனுப்பினால் ஆங்கிலேயரான ஈட்டன் துரை மனம் புண்படுவார் என்று தாய் மறுக்கிறாள். அதை அணிந்து போய் அவமானப்பட்டு, கோபத்தில் மட்டையை முறித்து, மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கோயிலுக்கு அனுப்பப்பட்ட பையன், அந்த நீல ஸ்வெட்டரை அரித்துத் தின்னப் பூச்சிகளை அனுப்பும்படி ஆண்டவனை வேண்டுகிறான். இந்தக் கதையின் ஒரு பகுதியைக் கனடாவின் மத்திய வங்கி 2002-இல் வெளியிட்ட ஐந்து டாலர் நோட்டில் அச்சிட்டது.

கதையில் ஸ்வெட்டரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாகிய 'ஷாண்டாய்' என்பதே ஒரு விநோதம்: பாரிஸ் சந்தையில் பூண்டு விற்றவர்கள் அணிந்த தடித்த கம்பளி மேலாடையிலிருந்து, 'மர்ஷான் தாய்', அதாவது பூண்டு வியாபாரி, என்ற தொடர் தேய்ந்து வந்த சொல் அது. பூண்டுக்காரரின் பனியன் பனித்தளத்தில் புனிதமாயிற்று என்றால் மிகையன்று.

வியர்வையை உறிஞ்சிக் கனத்துப்போகும் கம்பளி வெகு காலத்துக்கு முன்பே போய், செயற்கை இழை வந்துவிட்டது, 'ஃபிளானல்' பெயரளவில்தான். 2009-இல் நூற்றாண்டு விழாவை முன்னிட்டுப் பழைய வரிப் பட்டை உடுப்பை ஆட்டக்காரர் ஒரு நாள் பூண்டு வந்தபோது, அதை ரசித்தவரும் உண்டு, சிறைக்கைதி உடை என்று சிரித்தவரும் உண்டு. 2022-இல் மார்போரத்தில் ஒரு வங்கியின் விளம்பரச் சின்னம் ஒட்டப்பட்டபோது மட்டும் சிரிப்பு இல்லை, முணுமுணுப்புத்தான். அதற்கு முந்தைய ஆண்டு, சிவப்பு இருந்த இடத்தில் நீலமும், நீலப் பட்டை இருந்த இடத்தில் சிவப்புமாக நிறம் புரட்டிய உடுப்பு ஒன்று சில ஆட்டங்களுக்கு வந்தது. 1910-இன் அந்த முதல் நீலத்தை நினைவில் வைத்திருக்க எவரும் உயிரோடில்லை. பார்த்தவர்கள் அதைப் புதுமை என்றார்கள்.