38 + 95 = 133-ஆ, 3895-ஆ? பைத்தான் தேர்வில் புதியவர்கள் சறுக்கும் 6 இடங்கள்

பிளஸ் டூ ஒரு மார்க் கேள்வி முதல் கேம்பஸ் இன்டர்வியூ முதல் சுற்று வரை, பைத்தான் அடிப்படைத் தேர்வில் என்னதான் கேட்கிறார்கள்? குமரி வள்ளுவர் சிலையை வைத்தே ஒரு எளிய விளக்கம்.

கன்னியாகுமரி கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி. பீடம் 38 அடி, அதன் மேல் சிலை 95 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்குப் பீடம், பொருட்பால், இன்பத்துப்பால் இரண்டும் சேர்ந்த 95 அதிகாரங்களுக்குச் சிலை. 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்ட இந்தச் சிலையின் கணக்கு குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நல்லாவே தெரியும்.

இதே 38-ஐயும் 95-ஐயும் ஒரு பைத்தான் நிரலில் கொடுத்துக் கூட்டச் சொன்னால் சில நேரம் 133 வராது. 3895 வரும்! கம்ப்யூட்டர் தப்பு செய்யவில்லை, நிரல் எழுதியவர்தான் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. அடிப்படைத் தேர்வுகள் பிடிப்பதும் இந்த மாதிரி இடங்களைத்தான்.

யாருக்கெல்லாம் இந்தத் தேர்வு?

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் 2019-20 கல்வியாண்டு முதல் பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 70 மார்க், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வில் 15 கேள்விகள் ஒரு மார்க் கேள்விகள்.

அடுத்து பொறியியல். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 விதிமுறைகளில் பைத்தான் முதல் செமஸ்டர் பாடம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டுமல்ல, சிவில், மெக்கானிக்கல் எடுத்தவர்களும் படித்தாக வேண்டும். நாகர்கோவில் கோணத்தில் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கும் இதே கதைதான்.

கலை, அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கும் வழி இருக்கிறது. என்பிடெல் தளத்தில் ஐஐடி ரோபர் நடத்தும் 12 வார பைத்தான் பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி, தேர்வு மையத்தில் போய் எழுத வேண்டும். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, இறுதித் தேர்வுக்கு 75. தேர்ச்சிக்கு அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 தேவை. 2020-ல் தொடங்கிய ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் பட்டப்படிப்பிலும் அடித்தள நிலையிலேயே பைத்தான் வந்துவிடுகிறது.

ஆக, ஒரு மார்க்கோ ஒரு வேலையோ, இந்தச் சின்னச் சின்னக் கேள்விகளில் தொங்கி நிற்கிறது.

மனப்பாடம் ஏன் எடுபடாது?

புதியவர்களுக்கான தேர்வில் அடிக்கடி வருவது, “இந்த நிரலின் அவுட்புட் என்ன?” என்ற வகை. நாலைந்து வரி நிரலைக் கொடுப்பார்கள். அதை ஓட்டிப் பார்க்காமல், மனசுக்குள்ளேயே ஓட்டி விடை சொல்ல வேண்டும். விதியை ஒப்பிக்கத் தெரிந்தால் போதாது, ஒவ்வொரு வரியிலும் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவரும், ஏஐ செயலியிடம் நிரலை வாங்கிக்கொண்டவரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இனி அந்த 6 இடங்கள். (பைத்தானின் கட்டளைச் சொற்கள் இங்கே உச்சரிப்புக்காகத் தமிழில் தரப்பட்டுள்ளன. கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

1. எண்ணா, எழுத்தா?

38 + 95 என்றால் 133.
'38' + '95' என்றால் 3895.

மேற்கோள் குறிக்குள் வந்தால் அது எண் இல்லை, ஸ்ட்ரிங். பாடநூல் தமிழில் ‘சரம்’. பூச்சரத்தோடு இன்னொரு சரத்தை முடிச்சுப் போடுவது மாதிரி, பைத்தான் இரண்டையும் ஒட்டிவிடுகிறது. '38' + 95 என்று கலந்து கொடுத்தாலோ ஒட்டவும் செய்யாது, கூட்டவும் செய்யாது. எர்ரர் காட்டி நின்றுவிடும்.

இதில் பலரும் சறுக்குவது இன்புட் கட்டளையில். பயன்படுத்துபவர் 38 என்று எண்ணைத்தான் அடிக்கிறார். ஆனால் இன்புட் வழியாக எது வந்தாலும் பைத்தானுக்கு அது ஸ்ட்ரிங். இன்ட் என்ற கட்டளையால் எண்ணாக மாற்றிய பிறகுதான் கூட்ட முடியும்.

2. வகுத்தல் ஒன்று, குறி மூன்று

மொத்தக் குறள் 1330, அதிகாரம் 133. ஓர் அதிகாரத்துக்கு எத்தனை குறள்?

1330 / 133 என்றால் 10.0
1330 // 133 என்றால் 10
133 % 10 என்றால் 3

ஒற்றைக் கோடு போட்டால் மீதியே இல்லாமல் வகுபட்டாலும் விடை தசமத்தில்தான் வரும். ‘10’, ‘10.0’ இரண்டும் ஆப்ஷனில் இருந்தால் சரியான விடை 10.0. இரட்டைக் கோடு தசமத்தை விட்டுவிட்டு முழு எண்ணைத் தரும். சதவீதக் குறிக்கும் சதவீதத்துக்கும் இங்கே சம்பந்தமே இல்லை, அது மீதியைத் தரும்.

கொஞ்சம் கஷ்டமான கேள்வி: -7 // 2 எவ்வளவு? -3 என்று தோன்றும். விடை -4. இரட்டைக் கோடு எப்போதும் கீழ்ப்பக்கமாகவே இறங்கும். -3.5-க்குக் கீழே உள்ள முழு எண் -4.

3. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

133 அதிகாரங்களின் பெயர்களையும் வரிசையாக ஒரு லிஸ்ட்டில் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பைத்தான் 1-ல் இருந்து எண்ணாது, 0-ல் இருந்து எண்ணும்.

அதிகாரம்[0] என்றால் கடவுள் வாழ்த்து.
அதிகாரம்[132] என்றால் ஊடலுவகை.
அதிகாரம்[-1] என்றாலும் ஊடலுவகைதான், கடைசியில் இருந்து எண்ணுவதால்.
அதிகாரம்[133] என்றால் எர்ரர்.

ரேஞ்ச்(1, 133) என்று லூப் ஓட்டினால் 1 முதல் 132 வரைதான் ஓடும். கடைசி எண் சேராது. 133 வரை வேண்டுமென்றால் ரேஞ்ச்(1, 134) என்று எழுத வேண்டும்.

ஏன் இப்படி ஒரு வம்பு? லிஸ்ட்டை வெட்டி எடுக்கும்போது இதன் வசதி புரியும். அதிகாரம்[0:38] என்றால் அறத்துப்பால், அதிகாரம்[38:108] என்றால் பொருட்பால், அதிகாரம்[108:133] என்றால் இன்பத்துப்பால். ஒன்று முடியும் எண்ணிலேயே அடுத்தது தொடங்குகிறது. பெரிய எண்ணில் சிறிய எண்ணைக் கழித்தால் அதிகாரங்களின் எண்ணிக்கையும் கிடைத்துவிடும்: 38, 70, 25.

4. வரி எவ்வளவு தள்ளி நிற்கிறது?

மொத்தம் = 0
ஃபார் எண் இன் ரேஞ்ச்(1, 5):
    மொத்தம் = மொத்தம் + எண்
பிரிண்ட்(மொத்தம்)

எண் 1, 2, 3, 4 என்று மாற, மொத்தம் 1, 3, 6, 10 என்று வளரும். கடைசி வரி லூப்புக்கு வெளியே இருப்பதால் அவுட்புட் 10 மட்டும்.

அந்த பிரிண்ட் வரியை மூன்றாவது வரிக்கு நேராக உள்ளே தள்ளினால்? 1, 3, 6, 10 என நாலு வரி அச்சாகும். பிரிண்ட் பழைய இடத்திலேயே இருக்க, ‘மொத்தம் = 0’ வரியை லூப்புக்குள் முதல் வரியாக வைத்தால்? ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் பூஜ்யமாகி, கடைசியில் 4 மட்டுமே மிஞ்சும்.

சி, சி++ மொழிகளில் எது உள்ளே, எது வெளியே என்பதை அடைப்புக்குறி சொல்லும். பைத்தானில் அதைச் சொல்வது இந்த இடைவெளிதான். பிளஸ் ஒன்னில் சி++ படித்துவிட்டு பிளஸ் டூவில் பைத்தானுக்கு வரும் மாணவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

5. நகலா, இன்னொரு பெயரா?

தோவாளை பூச்சந்தையில் காலை விலையை ஒரு லிஸ்ட்டில் குறித்து வைக்கிறோம் என்று கொள்வோம். விலை சும்மா உதாரணத்துக்கு.

காலை = [300, 250]
மாலை = காலை
மாலை[0] = 500

இப்போது காலை[0] எவ்வளவு? 300 என்றுதான் தோன்றும். விடை 500. இரண்டாவது வரி விலைப்பட்டியலை நகல் எடுக்கவில்லை. ஒரே பட்டியலுக்கு ‘மாலை’ என்று இன்னொரு பெயர் வைத்தது, அவ்வளவுதான். எந்தப் பெயரைச் சொல்லித் திருத்தினாலும் திருந்துவது ஒரே பட்டியல். தனி நகல் வேண்டுமென்றால் மாலை = காலை[:] என்று எழுத வேண்டும்.

சதுர அடைப்புக்குப் பதிலாக (300, 250) என்று வளைந்த அடைப்பில் கொடுத்தால் அது டூப்பிள். அதில் உள்ளதை மாற்றவே முடியாது, மூன்றாவது வரியில் எர்ரர் வரும்.

6. காட்டுவது வேறு, கொடுப்பது வேறு

ஃபங்ஷன் என்பது ஒரு வேலையைச் செய்துதரும் நிரல் துண்டு, பாடநூலில் ‘செயற்கூறு’. அதற்குள் பிரிண்ட் போட்டால் விடை திரையில் தெரியும். ரிட்டர்ன் போட்டால்தான் விடை கையில் வரும். ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷன் தருவது ‘நன்’, அதாவது ‘எதுவும் இல்லை’. திரையில் 133 தெரிந்ததே என்று நம்பி, அந்த விடையோடு 1-ஐக் கூட்டப் போனால் எர்ரர்தான் மிச்சம்.

தமிழுக்கு ஒரு ஸ்பெஷல் கேள்வி

‘குமரி’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. பைத்தானின் லென் கட்டளையைக் கேட்டால் 5 என்கிறது! க, உகரக் குறி, ம, ர, இகரக் குறி என்று தனித்தனியாக எண்ணுவதே காரணம். யூனிகோட் முறையில் உயிர்மெய்யின் மெய்ப்பகுதிக்கு ஒரு குறியீடு, உயிர்க்குறிக்கு இன்னொரு குறியீடு. தமிழ் எழுத்துகளை நம் கணக்கிலேயே எண்ண ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. தமிழிலேயே நிரல் எழுதும் ‘எழில்’ மொழியும் பைத்தானைக் கொண்டு உருவாக்கப்பட்டதுதான். மேலே உள்ள உதாரணங்களில் வந்த ‘காலை’, ‘மாலை’, ‘மொத்தம்’ போன்ற தமிழ்ப் பெயர்களையும் பைத்தான் 3 அப்படியே ஏற்கும்.

பழைய கேள்வித்தாளில் ஜாக்கிரதை

நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ரோசம் பைத்தானை முதலில் வெளியிட்டது 1991-ல். பெயருக்கும் மலைப்பாம்புக்கும் சம்பந்தமில்லை. ‘மான்டி பைத்தான்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் டிவி நிகழ்ச்சியில் இருந்து வந்த பெயர் அது. 2008-ல் பைத்தான் 3 வந்தது, 2020 ஜனவரி 1-ம் தேதியோடு பைத்தான் 2-க்கான ஆதரவு நின்றது.

இது வரலாற்றுத் தகவல் மட்டுமல்ல. பைத்தான் 2-ல் 1330 / 133 என்றால் 10, பைத்தான் 3-ல் 10.0. பிரிண்ட் கட்டளைக்கு அப்போது அடைப்புக்குறி தேவையில்லை, இப்போது இல்லையென்றால் எர்ரர். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய கேள்வித் தொகுப்பில் விடை மாறியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்தப் பதிப்புக்கானது என்பதைத்தான்.

எப்படித் தயாராவது?

• லேப்டாப் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு 3 செயலி போதும். பிரவுசரிலேயே ஓட்ட கூகுள் கோலாப் இருக்கிறது.

• ஓட்டும் முன் விடையைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு கட்டம் போட்டு, வரிக்கு வரி மதிப்பை மாற்றிக்கொண்டே வாருங்கள். ‘ட்ரை ரன்’ என்பது இதுதான். பிறகு ஓட்டிப் பாருங்கள். எந்த வரியில் உங்கள் விடை விலகியதோ, அதுதான் படிக்க வேண்டிய பாடம்.

• தமிழ் வழியில் படித்தவர்கள் மாறி என்றால் வேரியபிள், மடக்கு என்றால் லூப், சரம் என்றால் ஸ்ட்ரிங், செயற்கூறு என்றால் ஃபங்ஷன் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. நிறுவனத் தேர்வுகளில் கேள்வி ஆங்கிலத்தில் வரும். விஷயம் தெரிந்தும் சொல் புரியாமல் மார்க்கை விடக் கூடாது.

• ஏஐ செயலியிடம் நிரலைக் கேட்காமல் கேள்வியைக் கேளுங்கள். “அவுட்புட் கேள்வி 10 கொடு, நான் விடை சொன்ன பிறகு திருத்து” என்றால் அதுவே பயிற்சியாகிவிடும். அது சொல்லும் விடையையும் ஓட்டிச் சரிபாருங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி

குறள் எண்ணைக் கொடுத்தால் அதிகாரத்தின் பெயரைச் சொல்லும் நிரல் வேண்டும். ஒருவர் அதிகாரம்[எண் // 10] என்று எழுதினார். 391-வது குறளுக்கு ‘கல்வி’ என்று சரியாகவே வந்தது. 400-வது குறளும் கல்வி அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் நிரல் ‘கல்லாமை’ என்றது. எங்கே தப்பு?

விடை: 400 // 10 என்றால் 40. பூஜ்யத்தில் இருந்து எண்ணும்போது 40 என்ற இடத்தில் இருப்பது 41-வது அதிகாரமான கல்லாமை. அதிகாரம்[(எண் - 1) // 10] என்று எழுதினால் 391, 400 இரண்டுக்குமே 39 வரும், ‘கல்வி’ சரியாகக் கிடைக்கும். ஒரு எண்ணுக்குச் சரியாக வந்ததும் நிறுத்தாமல், தொடக்கத்தையும் முடிவையும் போட்டுப் பார்ப்பவர்தான் இந்தத் தப்பைக் கண்டுபிடிப்பார்.